கேள்வி – பதில்: லீனியர் ஸ்விட்சில் வழுவழுப்பு எங்கிருந்து வருகிறது?

கீபோர்டைத் தாமே கோத்துக்கொள்ள விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருந்து, நடுவே தடையோ சொடுக்கோ இல்லாமல் சீராக இறங்கும் லீனியர் ஸ்விட்சைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: முதன்முறையாக ஒரு கீபோர்டை நானே கோக்கப் போகிறேன். லீனியர் ஸ்விட்ச்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்டிரான், கைல், டிடிசி, ஜேடபிள்யூகே, எச்எம்எக்ஸ் என்று நிறுவனப் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதே எல்லாவற்றிலும் வழுவழுப்பானது என்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?

பெயரை வைத்துத் தேடாமல், ஸ்விட்சுக்குள் எது எதோடு உரசுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இன்று கடைக்கு வரும் லீனியர் ஸ்விட்சுகளில் மிகப் பெரும்பாலானவை, ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய எம்எக்ஸ் அமைப்பின் வழித்தோன்றல்களே. அதன் காப்புரிமைக் காலம் 2014-ஐ ஒட்டி முடிந்த பிறகு, கூட்டல் குறி வடிவத் தலை கொண்ட அதே அமைப்பைப் பல நிறுவனங்கள் தத்தம் அச்சுகளில் வார்க்கத் தொடங்கின. எனவே பெயர்கள் நூறு இருந்தாலும் உள்ளே இருக்கும் உறுப்புகள் ஐந்துதான்: மேல் கூடு, கீழ்க் கூடு, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, அதைத் தாங்கும் ஸ்பிரிங், மின்தொடர்பை ஏற்படுத்தும் உலோகத் தகடு.

இவற்றில் உராய்வு மூன்று இடங்களில் பிறக்கிறது. தண்டின் பக்கவாட்டு விளிம்புகள் கூட்டின் தடங்களில் சறுக்கும் இடம் முதலாவது. நாம் விரலில் உணரும் சொரசொரப்பில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. தண்டின் இரு கால்கள் உலோகத் தகட்டைத் தொட்டு நகரும் இடம் இரண்டாவது. ஸ்பிரிங் சுருங்கும்போது முறுக்கிக்கொண்டு இரு முனைகளிலும் பிளாஸ்டிக்கை அரைக்கும் இடம் மூன்றாவது. இங்கிருந்து வருவது பெரும்பாலும் உணர்வாக இல்லாமல், கிண்ணென்ற மெல்லிய அதிர்வொலியாக இருக்கும்.

இப்போது, இவற்றில் எதைப் பின்னால் மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று பிரித்துப் பாருங்கள். கிரீஸ் போதவில்லையென்றால் போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிங் பிடிக்கவில்லையென்றால் வேறு வாங்கி மாட்டலாம். மேல் கூடும் கீழ்க் கூடும் சற்று ஆடினால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஃபிலிம் வைத்து இறுக்கலாம். ஆனால் அச்சு தேய்ந்த நிலையில் வார்க்கப்பட்ட தடத்தின் மேற்பரப்பையோ, கூட்டுக்குள் தளர்வாக நின்று நான்கு பக்கமும் ஆடும் தண்டையோ, அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதையோ நீங்கள் வீட்டில் மாற்ற முடியாது. ஆகவே காசு கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது வார்ப்பின் துல்லியத்தையும் பொருள்களின் சேர்க்கையையும்தான், மற்றவை இரண்டாம்பட்சம். நான் ஸ்விட்ச் வாங்கும் போதெல்லாம் இந்த ஒரு விதியைத்தான் பின்பற்றுகிறேன்.

பொருள் என்றால், தண்டு பெரும்பாலும் பி.ஓ.எம். என்ற பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கும். உராய்வு குறைவு, தேய்மானமும் குறைவு என்பதால் சிறு பற்சக்கரங்களுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். கூடுகள் நைலானாகவோ பாலிகார்பனேட்டாகவோ அமையும். நைலான் ஒலியைச் சற்று அடக்கும். பாலிகார்பனேட் ஒலியைக் கூர்மையாக்கும். மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனையும் இப்போது சிலர் தண்டில் கலக்கிறார்கள். அது கிரீஸ் இல்லாமலே நன்றாக வழுக்கும் பொருள். பி.ஓ.எம். தண்டும் நைலான் கூடும் சேர்ந்த இணை பல காலமாகப் பழகிய இணை. முதல் கீபோர்டுக்கு அதில் ஏமாற்றம் வராது.

பெயர் சொல்லியே ஆக வேண்டுமென்றால், செலவைக் கட்டுக்குள் வைக்க விரும்புகிறவர்கள் தொழிற்சாலையிலேயே கிரீஸ் இடப்பட்டு வரும் கேட்டிரான் மில்க்கி யெல்லோ புரோவையும், இன்னும் கொஞ்சம் அடர்த்தியான உணர்வை விரும்புகிறவர்கள் அதே நிறுவனத்தின் ஆயில் கிங்கையும் கையில் வைத்து அழுத்திப் பார்க்கட்டும். செர்ரியும் 2023-இல் கொண்டுவந்த எம்எக்ஸ்2ஏ வரிசையில் கிரீஸ் இட்டே அனுப்புகிறது. அந்நிறுவனத்தின் பழைய லீனியரான செர்ரி சிவப்பை மனத்தில் வைத்து அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

எதுவானாலும் மொத்தமாக வாங்குவதற்கு முன் மாதிரி வாங்குங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரே பெட்டியிலிருந்து வந்த ஸ்விட்சுகளிலேயே ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும். வகைக்கு நான்கைந்தாவது வாங்கி, கீகேப் (விரல் படும் மூடி) மாட்டி, பிளேட்டில் (ஸ்விட்சுகளைத் தாங்கும் தகடு) பொருத்திய நிலையில் அழுத்துங்கள். முதலில் நடுவில், மிக மெதுவாக, காதருகே வைத்து அழுத்துங்கள்; உலர்ந்த தடமாக இருந்தால் காகிதத்தின் மேல் நகம் நகர்வதைப் போன்ற சரசரப்பு கேட்கும். அடுத்து கீகேப்பின் மூலையில் விரலை வைத்து அழுத்துங்கள். தட்டச்சு செய்யும்போது விரல் சரியாக நடுவில் விழுவதில்லை. மூலையில் அழுத்தும்போது தண்டு சாய்ந்து தடத்தில் இடறுகிறதா என்பதே உண்மையான சோதனை. நடுவில் பட்டாகவும் மூலையில் மணலாகவும் இருக்கும் ஸ்விட்சுகள் நிறைய உண்டு. அவற்றை எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: நாள் முழுவதும் எழுதும் வேலை எனக்கு. ஓரிடத்தில் 45 கிராம், இன்னோரிடத்தில் 62 கிராம், வேறோரிடத்தில் சென்டிநியூட்டன் என்று போட்டிருக்கிறார்கள். இவற்றை எப்படி ஒப்பிடுவது? என் விரலுக்கு எது ஏற்றது?

கிராம் என்று எழுதப்படுவது கிராம்-விசை. ஒரு கிராம்-விசை ஏறத்தாழ 0.98 சென்டிநியூட்டன் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம், அதில் குழப்பமில்லை. குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. அழுத்திய எழுத்து பதிவாகும் புள்ளியில் தேவைப்படும் அழுத்தம் ஒன்று. தண்டு அடித்தளத்தைத் தொடும்போது தேவைப்படும் அழுத்தம் இன்னொன்று. செர்ரி சிவப்பின் 45 என்பது முதல் வகை எண்; 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்து பதிவாகிறது, முழுப் பயணம் 4 மில்லிமீட்டர். அதே ஸ்விட்சை அடிவரை அழுத்தும்போது விரல் சுமப்பது 60-ஐ நெருங்கும். மறுபுறம், 62 அல்லது 67 என்று பெயரிலேயே எண்ணைச் சுமந்து வரும் பல ஸ்விட்சுகளில் அந்த எண் அடித்தளத்தைத் தொடும் அழுத்தத்தைக் குறிக்கிறது. ஆக, 45 என்று போட்டதும் 62 என்று போட்டதும் விரலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கக்கூடும்.

லீனியர் ஸ்விட்சைப் பொறுத்தவரை அடித்தள எண்ணையே நீங்கள் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டாக்டைல் ஸ்விட்சில் நடுவே ஒரு மேடு இருக்கிறது. விசை பதிவாகிவிட்டது என்று அது விரலுக்குச் சொல்லிவிடும். லீனியரில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. மிகப் பழகிய கைகளைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் அடிவரை கொண்டுபோய்த்தான் நிறுத்துகிறோம். ஒரு நாளில் பல்லாயிரம் முறை விரல் சந்திப்பது அந்த அடித்தள எடையைத்தான்.

ஸ்பிரிங்கின் நீளமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. சாதாரண ஸ்பிரிங் சுருங்கச் சுருங்க எதிர்ப்பு சீராக ஏறும். ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை ஸ்பிரிங்கில் தொடக்கம் லேசாகவும் முடிவு கனமாகவும் இருக்கும். 20 அல்லது 22 மில்லிமீட்டர் நீள ஸ்பிரிங்கைக் கூட்டுக்குள் அடைக்கும்போதே அது நிறையச் சுருங்கிவிடுவதால், தொடக்கத்திலேயே கனம் தெரியும். ஆனால் அடிவரை அந்தக் கனம் பெரிதாக ஏறாது. அடித்தள எடை இரண்டிலும் ஒன்றாக இருந்தாலும் கைக்கு இரண்டும் வேறு வேறு. நீள ஸ்பிரிங் தண்டை வேகமாக மேலே தள்ளும். விரலை விசையின் மேலேயே ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது வசதி.

உங்கள் கைக்கு எது என்பதை இப்போது நீங்கள் பயன்படுத்தும் கீபோர்டே சொல்லும். விரல் சும்மா இருக்கும்போதே எழுத்துகள் விழுந்துவிடுகின்றன, பக்கத்து விசைகள் தவறுதலாக அழுந்துகின்றன என்றால் கனத்தைக் கூட்டுங்கள். மாலையானதும் சுண்டுவிரலும் மோதிர விரலும் முதலில் சோர்கின்றன என்றால் குறையுங்கள். நாள் முழுவதும் எழுதும் பெரும்பாலோருக்கு அடித்தள எடை 55-க்கும் 63-க்கும் இடையே இருந்தால் போதும் என்பது பலருக்குக் கோத்துக்கொடுத்ததில் நான் கண்டது. தரவுத்தாள்களில் அந்த எண்ணையொட்டிக் கூட்டல்-கழித்தல் 10 அல்லது 15 என்று ஒரு வரம்பும் அச்சிட்டிருப்பார்கள். ஆகவே இரண்டு கிராம் வேறுபாட்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விரலிலோ மணிக்கட்டிலோ வலி நாள்கணக்கில் நீடித்தால் ஸ்விட்சை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையிலேயே கிரீஸ் போட்டு வரும் ஸ்விட்சை வாங்கிவிட்டேன். அதைத் திறந்து மறுபடியும் கையால் கிரீஸ் போட வேண்டும் என்று நண்பர் வற்புறுத்துகிறார். அவசியமா?

அவசியமில்லை. மாட்டி, இரண்டு வாரம் தட்டச்சு செய்யுங்கள். அப்போதும் ஏதேனும் உறுத்தினால் மட்டும் திறங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் இந்த அறிவுரையை நான் சொல்லியிருக்க மாட்டேன். அன்று பெரும்பாலான லீனியர்கள் உலர்ந்தே வந்தன, கையால் கிரீஸ் போடாமல் நல்ல உணர்வு கிடைக்கவில்லை. இன்று இயந்திரம் போடும் கிரீஸ் பெரும்பாலும் போதுமான அளவில், போதுமான சீராக இருக்கிறது. அதன் மேல் இன்னொரு பூச்சைப் போடுவதால் நேரும் கெடுதல், போடாமல் விடுவதால் நேரும் குறையைவிடப் பெரிது.

இதை அனுபவத்தில்தான் கற்றேன். எனக்காக நான் கோத்த இரண்டாவது கீபோர்டில், ஏற்கெனவே கிரீஸ் இருந்த ஸ்விட்சுகளைத் திறந்து, துடைக்காமலேயே அதன் மேல் தாராளமாகப் பூசினேன். முதல் நாள் ஒலி மிகவும் அடங்கி, கேட்க இதமாக இருந்தது. மூன்றாம் நாள் வேகமாக எழுதும்போதுதான் கவனித்தேன்: இரட்டை எழுத்து அடிக்கும்போது விசை முழுதாக மேலே வராமலேயே அடுத்த அழுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஸ்விட்சைக் கழற்றி, தண்டைக் கையால் அழுத்திவிட்டேன். அது துள்ளி எழவில்லை. தேனில் அமிழ்ந்த கரண்டியைப் போல மெல்ல ஏறியது. திறந்து பார்த்தால் தடத்தின் அடியில் வெள்ளையாக ஒரு கட்டி ஒதுங்கியிருந்தது. 68 ஸ்விட்சுகளையும் மறுபடி திறந்து துடைக்க இரண்டு நாள் ஆனது.

துடைப்பதும் எளிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வேலைக்குப் பெரும்பாலோர் பயன்படுத்தும் கிரைட்டாக்ஸ் 205 ஜி0 என்ற கிரீஸ், ஃபுளோரின் சார்ந்த செயற்கை எண்ணெயை டெஃப்லான் துகளால் கெட்டிப்படுத்திச் செய்வது. சாராயத்திலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் அது கரையாது. சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டுத் தூரிகையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும்.

உலர்ந்த ஸ்விட்சை வாங்கியவர்கள், அல்லது கேட்டுப் பார்த்துக் குறை இருப்பதை உறுதி செய்தவர்கள் இப்படிச் செய்யலாம். ஸ்விட்சைத் திறக்கும் கருவியால் மேல் கூட்டைக் கழற்றுங்கள். மெல்லிய ஓவியத் தூரிகையைக் கிரீஸில் தொட்டு, மூடியின் விளிம்பில் வழித்துவிடுங்கள். தூரிகை ஈரமாகத் தெரிய வேண்டும், கிரீஸ் கண்ணுக்குத் தெரியக் கூடாது. கீழ்க் கூட்டின் இரு தடங்களிலும், தண்டின் இரு பக்க விளிம்புகளிலும் ஒரே இழுப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு மட்டும் தெரிந்தால் அளவு சரி. வெள்ளை தெரிந்தால் அதிகம். தண்டின் கால்களுக்குத் தூரிகையில் எஞ்சியிருப்பதே போதும். உலோகத் தகட்டின் தொடுபுள்ளியில் கிரீஸ் படவே கூடாது. பட்டால் விசை சில நேரம் பதிவாகாமல் போகும். ஸ்பிரிங்குகளை ஒரு சிறு பையில் போட்டு, கிரைட்டாக்ஸ் 105 எண்ணெயில் சில துளிகள் விட்டு நன்றாகக் குலுக்கினால் கிண்ணென்ற ஒலி அடங்கிவிடும். எழுபது ஸ்விட்சுக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அவசரமாகச் செய்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அமைந்துவிடும். தனித்தனியாக நல்லது என்பதைவிட எல்லாம் ஒன்றுபோல இருப்பதே கைக்குச் சுகம்.

வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவாமல் உணவையோ சிகரெட்டையோ தொடாதீர்கள். டெஃப்லான் துகள் ஒட்டிய சிகரெட்டைப் பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். வீட்டில் இருக்கும் துரு நீக்கியையோ தையல் இயந்திர எண்ணெயையோ கிரீஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தவும் வேண்டாம். சில எண்ணெய்கள் பாலிகார்பனேட்டில் விரிசல் விழச் செய்யும்.

கேள்வி: ஒரு காணொளியில் கேட்ட ஒலிக்காகவே ஒரு லீனியர் ஸ்விட்சை வாங்கினேன். என் கீபோர்டில் அந்த ஒலியே வரவில்லை. போலியை வாங்கிவிட்டேனா?

அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்விட்ச் தனியாக ஒலிப்பதில்லை. பிளேட், கீகேப், உறை, உள்ளே வைத்த ஃபோம், மேசை, ஒலிவாங்கி வைத்த தூரம் எல்லாம் சேர்ந்துதான் ஒலிக்கின்றன. அதே ஸ்விட்ச் அலுமினிய பிளேட்டில் கணீரென்றும், பாலிகார்பனேட் பிளேட்டில் தாழ்ந்தும் கேட்கும். சுவர் தடித்த, பிபிடி என்ற பிளாஸ்டிக்கால் ஆன கீகேப்பை மாட்டினால் ஒலி கனக்கும். மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப்பில் அதே ஸ்விட்ச் சலசலக்கும்.

ஸ்விட்சின் பங்காக ஒன்றைச் சொல்லலாம். வழக்கமான அமைப்பில் தண்டின் பக்கத் தோள்கள் கீழ்க் கூட்டில் மோதி நிற்கும். நீளத் தண்டு என்று சொல்லப்படும் வகையில், நடுவில் உள்ள தூண் நீளமாக இருப்பதால் அதன் நுனிதான் முதலில் தரையைத் தொடும். பயணம் 4 மில்லிமீட்டரிலிருந்து 3.5-ஐ ஒட்டிக் குறைந்துவிடும். ஒலி கூர்மையாக, சொடக்குப் போட்டதைப் போலக் கேட்கும். காணொளிகளில் மனத்தைக் கவர்வது பெரும்பாலும் இந்த ஒலிதான். நீங்கள் வாங்கியது எது என்று தரவுத்தாளில் முழுப் பயணத்தைப் பாருங்கள்.

ஆனால் நீளத் தண்டை நாள் முழுவதும் எழுதும் வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. விரல் நிற்கும் இடம் திடீரென்றும் கெட்டியாகவும் இருக்கிறது; ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விரல் நுனிகளில் அது தெரியும். தவிர, ஒலிக்காக ஸ்விட்சைத் தேர்ந்தெடுப்பது, நான் மேலே சொன்ன விதிக்கு நேர்மாறானது. ஒலியைக் கீகேப்பாலும் ஃபோமாலும் பிளேட்டாலும் எத்தனையோ விதமாகப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். மூலையில் இடறும் தண்டை எதுவும் மாற்றாது. இப்போது இருக்கும் ஸ்விட்ச் கைக்கு இதமாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு கீகேப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: எனக்குப் பிடித்த ஸ்விட்சில் ஐந்து கால்கள் இருக்கின்றன. என் கீபோர்டின் சர்க்யூட் போர்டில் ஒரு ஸ்விட்சுக்கு மூன்று துளைகளே உள்ளன. பொருந்துமா?

பொருந்தும். ஐந்தில் இரண்டு மட்டுமே மின்தொடர்புக்கான உலோகக் கால்கள். நடுவில் உள்ள தடித்த பிளாஸ்டிக் தூண் எல்லாப் போர்டிலும் நுழையும். பக்கத்தில் உள்ள இரு மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் ஸ்விட்சைப் போர்டில் நேராக நிறுத்துவதற்கு மட்டும் உள்ளவை. அவற்றைக் கூர்மையான கட்டரால் அடியோடு நறுக்கிவிட்டால் போதும். ஹாட்-ஸ்வாப் சாக்கெட்டில் (பற்றவைக்காமலே ஸ்விட்சை மாட்டிக் கழற்ற உதவுவது) மாட்டும்போது உலோகக் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் பார்த்து, சாக்கெட்டின் பின்புறத்தை விரலால் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள்.

கேள்வி: காந்த ஸ்விட்சில் உலோகத் தொடர்பே இல்லையாமே, அப்படியென்றால் அதுதானே இருப்பதிலேயே வழுவழுப்பானதாக இருக்க வேண்டும்?

உங்கள் தர்க்கத்தில் பாதி சரி. காந்த ஸ்விட்சில் தண்டின் அடியில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. போர்டில் உள்ள உணரி, 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு அது எவ்வளவு நெருங்கியது என்பதை அளக்கிறது. தகடு இல்லாததால் மூன்று உரசல்களில் ஒன்று இல்லாமல் போகிறது. ஆனால் தண்டுக்கும் தடத்துக்கும் இடையிலான பெரிய உரசலும் ஸ்பிரிங்கின் அதிர்வும் அப்படியே இருக்கின்றன. வார்ப்பு மோசமாக இருந்தால் காந்த ஸ்விட்சும் கரகரக்கும். விசை பதிவாகும் ஆழத்தை மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் உண்மையான பலம். விளையாட்டுக்கு அது பெரிதும் உதவும், எழுத்து வேலைக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. சாதாரண போர்டில் அது வேலை செய்யாது என்பதையும், காந்தப் போர்டுகளுக்குள்ளேயே எல்லாக் காந்த ஸ்விட்சும் எல்லாவற்றிலும் சரியாக இயங்குவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, போர்டைத் தயாரித்தவர்கள் தரும் பொருத்தப் பட்டியலைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி: முழுவதும் பி.ஓ.எம். பொருளால் ஆன ஸ்விட்சுகள் பயன்படுத்தப் பயன்படுத்தத் தாமே வழுவழுப்பாகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

தண்டும் இரு கூடுகளும் பி.ஓ.எம்.மாகவே அமைந்தவற்றில் அதிகம் பேசப்பட்டது நாவல்கீஸ் கிரீம். தானே வழுக்கும் பொருள் என்று சொல்லி வந்தாலும், புதிதாகக் கையில் எடுத்தவர்கள் பலர் அதன் உலர்ந்த சரசரப்பைக் கண்டு திகைத்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு பிளாஸ்டிக்கைத் தன்னோடு தானே உரசவிட்டால், வேறொரு பிளாஸ்டிக்கோடு உரசவிடுவதைவிட உராய்வும் தேய்மானமும் கூடுதலாக இருப்பது வழக்கம். பற்சக்கரம் செய்பவர்கள் பி.ஓ.எம். சக்கரத்துக்கு நைலான் சக்கரத்தை இணை சேர்ப்பதும் இதனால்தான்.

பயன்படுத்தப் பயன்படுத்த மேற்பரப்பின் நுண்ணிய மேடுகள் தேய்ந்து பளபளப்பாவது உண்மை. பழைய கீபோர்டுகளிலிருந்து செர்ரி கறுப்பு ஸ்விட்சுகளைக் கழற்றியெடுத்துப் போற்றுகிறவர்கள் இருப்பது அதற்காகத்தான். ஆனால் பொறுமையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்பேன். தேய்வு எல்லா விசைகளிலும் சமமாக நடக்காது. அதிகம் அழுத்தும் உயிரெழுத்து விசைகள் சில மாதத்தில் மென்மையாகிவிட, ஓரத்து விசைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே சொரசொரக்கும். ஒரே வரியை எழுதும்போது விரல் இரண்டு விதமான தரையில் நடப்பதைப் போல இருக்கும். அதை விரும்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், மெல்லிய ஒரு பூச்சுக் கிரீஸே ஆண்டுகளின் வேலையை ஒரு மாலையில் செய்துவிடும்.

கேள்வி: எல்லா விசைகளும் பட்டுப்போல இருக்க, ஸ்பேஸ் பாரும் என்டரும் மட்டும் கரகரக்கின்றன, அந்த இரண்டு ஸ்விட்சையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ஏன்?

குறை ஸ்விட்சில் இல்லை, ஸ்டெபிலைசரில் இருக்கிறது. நீளமான விசைகளின் இரு முனைகளும் ஒன்றாக இறங்குவதற்காக ஒரு கம்பியும் இரு சிறு தண்டுகளும் அதற்கடியில் இருக்கின்றன. அங்கே உலோகம் பிளாஸ்டிக்கில் உரசுகிறது. கம்பியைக் கழற்றிக் கண்ணாடியின் மேல் வையுங்கள். இரு முனைகளும் கண்ணாடியில் ஒட்டிப் படுக்க வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் இடுக்கியால் மெல்ல வளைத்து நேராக்குங்கள். பிறகு கம்பியின் வளைந்த முனைகளில் ஸ்விட்சுக்குப் போடுவதைவிடத் தடிப்பாகவே கிரீஸ் வைக்கலாம். இங்கே அளவு கூடினாலும் கெடுதல் இல்லை. கீகேப்பை மாட்டி, ஸ்பேஸ் பாரின் இடது முனையையும் வலது முனையையும் மாறி மாறி அழுத்தி, இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் கம்பி இன்னும் நேராகவில்லை. கிரீஸைக் கூட்டாமல் மறுபடி கண்ணாடியில் வைத்துப் பாருங்கள்.